இடது கால் ஆம்பூரில் இருந்தது

படிப்பு, அறிவு, அழகு இவற்றில் எதைக் கொண்டும் எனக்கு வேலை கிடைக்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் காலைக் கொண்டு கிடைத்தது. என் பாதம் மிகச் சரியாக நாற்பத்திரண்டாம் நம்பர். ஷூ தொழிலில் இல்லாதவர்களுக்கு இதன் அருமை தெரியாது. ஆண்களுக்கான ஷூ எதுவானாலும் முதல் சாம்பிளை நாற்பத்திரண்டில்தான் செய்வார்கள். அதைப் போட்டுப் பார்த்து, கடிக்கிறது, கடிக்கவில்லை என்று சொல்ல அளவான ஒரு ஜோடிக் கால் கம்பெனிக்கு வேண்டும். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் இன்டர்வியூவுக்குப் போயிருந்தேன். என் சான்றிதழ்களைப் புரட்டிக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த சாம்பிள் ரூம் தலைவர், திடீரென்று மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். "செருப்பக் கழட்டு" என்றார். டேப்பை வைத்து அளந்தார். "நாளைக்கே வந்துடு" என்றார்.

எங்கள் வீடு குடியாத்தத்தில். அப்பா நாலு பவர்லூம் வைத்து லுங்கி ஓட்டுகிறார். பி.காம். படித்த பையன் ஷூ கம்பெனியில் என்ன வேலை செய்கிறான் என்று யாராவது கேட்டால், "ஆபீஸ்ல இருக்கான்" என்று சொல்லிவிட்டுத் தறியை ஓடவிட்டுவிடுவார் (அந்தச் சத்தத்தில் அடுத்த கேள்வி யார் காதிலும் விழாது).

சாம்பிள் ரூம் தலைவர் பெயர் அமீன் பாய். ஷூவுக்குப் பேட்டர்ன் வெட்டுவதில் முப்பது வருஷம் ஊறியவர். யாரைப் பார்த்தாலும் முதலில் காலைப் பார்ப்பார், முகம் அப்புறம்தான். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை அறிமுகப்படுத்தினால்கூட, "பையனுக்குக் கால் கொஞ்சம் அகலம்" என்று கவலைப்படுவார். அவர் செய்த ஷூவை நான் போட்டுப் பார்த்து, பத்துக்கு எத்தனை மார்க் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் எப்போதும் பத்துக்குப் பத்துதான் போடுவேன். முதல் காரணம், பாய் பக்கத்திலேயே நிற்பார். இன்னொன்று, ஒன்பது போட்டால் ஏன் ஒன்பது என்று ஆங்கிலத்தில் நாலு வரி எழுத வேண்டும்.

ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மந்தமான சீசன் வந்தது. ஆர்டர் இல்லை. ஷூ தைக்கிற இரண்டாவது லைன் வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓடியது. அந்த லைனில் மிஷினில் உட்காருகிறவர்கள் எல்லாம் சுற்றுப்பட்டுக் கிராமத்துப் பெண்கள். அவர்களுக்குச் சூப்பர்வைசர் கஸ்தூரி அக்கா, மாதனூர்ப் பக்கம். காலையில் கம்பெனி பஸ் வராத நாளில் என்ன செய்வது என்று தெரியாமல், சும்மாவே ஒரு நடை ரோடு வரை வந்து பார்த்துவிட்டுப் போவதாக அக்கா ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். கேட்ட எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நேரத்தில்தான் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றிலிருந்து மெயில் வந்தது. கிராவல் பைக் ஓட்டுகிறவர்களுக்கு ஷூ வேண்டும், அசல் தோலில்.

"கிராவல்னா லாரில வந்து அடிப்பாங்களே, அந்த மண்ணா?" என்று கேட்டார் அமீன் பாய்.

வீட்டு அஸ்திவாரத்தில் கொட்டி நிரப்புகிற மண்தான் எங்கள் ஊரில் கிராவல். நான் போனில் தேடிப் பார்த்து விளக்கினேன். மண் பாதையிலும் சரளைக் கல்லிலும் ஓட்டுவதற்கென்றே ஒரு சைக்கிள். பந்தய சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில்பார், ஆனால் தடித்த டயர். கடலோரம், காட்டோரம் என்று அழகான இடங்களாகப் பார்த்து ஓட்டுவார்கள்.

"ரோடு கீறப்ப ஏன்டா மண்ல ஓட்டணும்?"

"பொழுதுபோக்கு பாய்."

"பேஜாரு" என்றார். ஆனால் அன்றைக்கே பேட்டர்ன் வெட்ட உட்கார்ந்துவிட்டார். இது கிடைத்தால் இரண்டாவது லைன் ஆறு நாளும் ஓடும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முதல் சாம்பிள் போயிற்று. நிராகரிப்பு. இரண்டாவது போயிற்று. அதுவும் நிராகரிப்பு. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டோடும் என் கையெழுத்திட்ட தாள் போயிருந்தது: 'இடது கால் 10/10, வலது கால் 10/10. எஸ். சம்பத், டெஸ்ட் ரைடர்.' டெஸ்ட் ரைடர் என்ற பட்டத்தை நானே எனக்குக் கொடுத்துக்கொண்டேன். அனுபவம் என்ற கட்டத்தில், 'பாலாற்றங்கரை மண் பாதைகளில் பல வருடங்கள்' என்று எழுதியிருந்தேன். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூட நாட்களில் லுங்கிக் கட்டுகளைக் கேரியரில் ஏற்றிக்கொண்டு சாயப்பட்டறைக்கும் வீட்டுக்கும் ஓட்டியிருக்கிறேன். அப்புறம் மொபெட் வந்தது, சைக்கிளைத் தொட்டு ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஷூவைச் சோதித்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். அதைப் போட்டுக்கொண்டு மின்விசிறிக்கும் தண்ணீர் கேனுக்கும் இடையே நாலு தடவை நடந்தேன். பிறகு சுழல் நாற்காலியில் உட்கார்ந்து காற்றில் பெடல் மிதித்தேன்.

மூன்றாவது சாம்பிளுக்கு முன்னால் மெயில் வந்தது. இதுதான் கடைசி வாய்ப்பு. இந்த முறை ஷூவைப் பார்க்க அவர்களுடைய ஆள் நேரிலேயே வருகிறார், பெயர் இங்க்ரிட். கடலோர மண் பாதையில் சைக்கிள் ஓட்டியே பார்க்க விரும்புகிறார். கூடவே ஓட்டி வர, 'அனுபவம் மிக்க உங்கள் டெஸ்ட் ரைடர் திரு. சம்பத்' வேண்டும்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "முடியும் இல்ல?" என்று கேட்டார். நான், "நோ பிராப்ளம் சார்" என்றேன். ஒரு வாரம் வாட்ச்மேனின் சைக்கிளை வாங்கி மதிய இடைவேளையில் கம்பெனியைச் சுற்றி ஓட்டிப் பழகினேன். லைன் பெண்கள் ஜன்னலில் நின்று கைதட்டினார்கள். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கடைக்காரர்களுக்கும் வாங்க வருகிறவர்களுக்கும் காட்டுகிற சாம்பிளை நாங்கள் ஜோடியாகச் செய்ய மாட்டோம், ஒற்றைக் காலாகத்தான் செய்வோம். தோல் மிச்சம், நேரம் மிச்சம். எங்கள் கம்பெனியில் அது எப்போதும் வலது கால். காலில் போட்டுச் சோதிப்பதற்கு மட்டும்தான் ஜோடி. அன்றைக்குச் சாம்பிள் ரூம் மேஜையில் இங்க்ரிட்டுக்குக் காட்டுவதற்காகக் கறுப்பு, பச்சை, சாம்பல், பிரவுன் என்று நிறத்துக்கு ஒரு வலது கால் இருந்தது. அவற்றோடு நான் போட்டு ஓட்ட வேண்டிய பிரவுன் ஜோடியும் இருந்தது. எல்லாவற்றையும் மெல்லிய வெள்ளைத் தாளில் தனித்தனியாகச் சுற்றி வைத்திருந்தார்கள்.

நான் தாளைக் கொஞ்சம் விலக்கி நிறம் பார்த்து, பிரவுன் ஒன்று, பிரவுன் இன்னொன்று என்று எடுத்துக்கொண்டிருந்தபோது கஸ்தூரி அக்கா உள்ளே வந்தார்.

"தம்பி, நாளைக்கு தானே போற?"

"ஆமாக்கா."

"பார்த்து ஓட்டு. இதுவும் வரலன்னா லைனையே மூடிடுவாங்களாம், ஆபீஸ்ல பேசிக்கிறாங்க. இங்க முப்பது பேரு உன் காலத்தான் நம்பிக்கினு கீறோம்."

 நான் வீராப்பாக, "என் காலப் பத்தி உனக்குத் தெரியாதுக்கா, ஆர்டரோட வர்றேன் பாரு" என்று சொல்லிப் பையின் ஜிப்பை இழுத்தேன். வாசலிலிருந்து அமீன் பாய் குரல் கொடுத்தார்.

"ஜோடி பார்த்தியாடா?"

"பார்த்துட்டேன் பாய்."

ஷூ கம்பெனியில் சேருகிற எவருக்கும் முதல் நாள் சொல்லித் தருவது ஜோடி பார்ப்பதைத்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்து, மூக்கோடு மூக்கு, குதியோடு குதி சேர்த்துப் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

பாயும் நானும் கம்பெனிக் காரில் முதல் நாளே கிளம்பிப் போய், கடலோரத்தில் ஒரு லாட்ஜில் தங்கினோம். பாலாறு கடலில் சேர்கிற இடத்துக்கும் தெற்கே, சவுக்குத் தோப்பும் உப்பளமுமாக இருக்கிற பகுதி. எங்கள் ஊர்ப் பக்கம் வெறும் மணலாகக் கிடக்கிற ஆறு கடைசியில் இங்கேதான் வந்து சேர்கிறது என்று நினைத்தபோது, சொந்தக்காரரை வெளியூரில் பார்த்த மாதிரி ஒரு சந்தோஷம். விடிந்ததும் கரையில் போய் நின்றேன். அலை பெரிதாக இல்லை. கட்டுமரங்கள் இரண்டு தூரத்தில் அசையாமல் நின்றன. காற்று ஈரமாகவும் இதமாகவும் இருந்தது. வாழ்க்கை இவ்வளவு சுலபமாக இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டு அறைக்குத் திரும்பி ஷூவைப் பிரித்தேன்.

இரண்டு ஷூவும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன, பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்க்கும் இரண்டு பேர் மாதிரி.

இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன். அப்போதும் ஒரே பக்கம்தான் பார்த்தன. பாயின் பெட்டியில் இருந்த கறுப்பு, பச்சை, சாம்பல் எல்லாவற்றையும் பிரித்தேன். உலகத்தில் உள்ள வலது கால் எல்லாம் அந்த அறையில் இருந்தது.

"பாய்" என்றேன்.

பல் துலக்கிக்கொண்டே வந்த அமீன் பாய் ஒரு பார்வையில் புரிந்துகொண்டார். பிரஷ் வாயிலேயே நின்றது.

"லெஃப்ட் எங்கடா?"

"ஆம்பூர்ல."

பாய் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"உண்மையச் சொல்லிடலாம் பாய்" என்றேன்.

"இன்னான்னு சொல்லுவ? ஆயிரக்கணக்குல ஜோடி செய்யப் போற கம்பெனி, ஒரு ஜோடியச் சரியா எடுத்துக்கினு வரத் தெரியலன்னா? அந்தம்மா நாளைக்கு ஊருக்குப் போவுது." கொஞ்சம் யோசித்தார். "மாட்டு."

"எதை?"

"ரெண்டையும்தான். சைக்கிள்ல போறவன் நடக்கப் போறானா இன்னா? கால் தரையில படாது. அந்தம்மாவ எப்பவும் உன் வலது கைப் பக்கமே வெச்சுக்கோ. லெஃப்ட் தெரியாது."

முப்பது வருஷ அனுபவம் பேசியது. நானும் மாட்டினேன். இடது காலில் வலது ஷூவைப் போட்டுப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: கட்டை விரல் போக வேண்டிய இடத்துக்குச் சுண்டு விரல் போய்ச் சுகமாக உட்கார்ந்துகொள்ளும். சுண்டு விரலின் சந்துக்குள் கட்டை விரல் போய் மாட்டிக்கொள்ளும். எழுந்து நின்றபோது என் இடது கால் என்னைவிட்டுப் பிரிந்து வேறு ஊருக்குப் போக விரும்புவது மாதிரி வெளியே திரும்பி நின்றது.

இங்க்ரிட் ஐம்பது வயதைத் தாண்டியவர். நரைத்த பின்னல், வெயிலில் சிவந்த மூக்கு, என் தொடை அளவு கெண்டைக்கால். சென்னையில் வாடகைக்கு எடுத்த இரண்டு கிராவல் பைக்குகளைத் தானே வேனிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். கை கொடுத்தார். கொடுத்தபடியே பார்வை கீழே போனது (இந்தத் தொழிலில் எல்லோருக்கும் அதே வியாதி). நான் சட்டென்று சைக்கிளுக்குப் பின்னால் போய் நின்று, செயினைச் சரிபார்ப்பது போல் குனிந்துகொண்டேன். அவர் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"பாலாற்றுப் பாதைகளில் நிறைய ஓட்டியிருக்கிறீர்களாமே?"

"ஆமாம். சுமையோடு."

"சுமையோடா!" என்று மரியாதையாகப் புருவத்தை உயர்த்தினார். கேரியரில் லுங்கிக் கட்டு என்று விளக்க எனக்குத் தோன்றவில்லை.

பாய் காரில் ஏறி, பாதை முடிகிற இடத்தில் காத்திருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார். போகும்போது கண்ணாடி வழியாக என் காலை ஒருமுறை பார்த்தார். ஆஸ்பத்திரியில் ஆளை விட்டுவிட்டுப் போகிறவர் பார்க்கிற பார்வை அது.

அந்த ஷூவுக்கு அடியில் ஓர் இரும்புக் கொக்கி உண்டு. மிதித்தால் பெடலில் 'கடக்' என்று மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருகினால் கழலும். இதை நான் இணையத்தில் படித்திருந்தேன். வாட்ச்மேனின் சைக்கிளில் கொக்கி இல்லாததால் பழகவில்லை. சவுக்குத் தோப்புக்குள் முதல் திருப்பத்தில் ஓர் ஆடு குறுக்கே வந்தது. இங்க்ரிட் நின்றார். நானும் நின்றேன். நின்ற சைக்கிளில் இரண்டு காலும் பூட்டியபடி, எந்தப் பக்கம் சாய்வது என்று அரை நொடி யோசித்து, மெதுவாக, மிகுந்த கண்ணியத்தோடு இடது பக்கம் சரிந்து விழுந்தேன். ஆடு என்னைப் பார்த்துவிட்டுப் போயிற்று.

"அடிபட்டதா?"

"இல்லை. சருகு எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று பார்த்தேன்."

உண்மையிலேயே மெத்தென்றுதான் இருந்தது. இந்த ஒன்றிலாவது அன்று நான் பொய் சொல்லவில்லை.

பாதை அருமையான பாதை என்பதை வஞ்சகமில்லாமல் சொல்ல வேண்டும். தோப்புக்குள் செம்மணலும் சருகும், டயருக்கடியில் மெல்லிய சரசரப்பு. ஒரு பக்கம் மரங்களுக்கு இடையே கடல் விட்டுவிட்டுத் தெரியும். மறுபக்கம் உப்பளங்கள், பாத்தி பாத்தியாக வானத்தை ஏந்திக்கொண்டு. வரப்பின் மேல் சைக்கிள் போகும்போது தண்ணீரில் நம் நிழலும் கூடவே ஓட்டிக்கொண்டு வரும். கொக்குகள் பறக்கக்கூடச் சோம்பல்பட்டு ஓரடி நகர்ந்து வழிவிட்டன. இங்க்ரிட் ஒன்றும் பேசாமல், வேகம் கூட்டாமல், சும்மா ஓட்டிக்கொண்டு போனார். இதற்காகத்தான் ஜனங்கள் மண்ணில் சைக்கிள் ஓட்டுகிறார்கள் என்று எனக்கும் புரிந்தது. இடுப்புக்குக் கீழே ஒரு கால் குறைவாக இருந்திருந்தால் அந்த அழகை முழுதாக அனுபவித்திருப்பேன்.

சிக்கல் என்னவென்றால், பாதை அகலமானால் அவர் என் இடது பக்கம் வந்துவிடுவார். உடனே நான் பிரேக் பிடித்துப் பின்வாங்கி, சுற்றிக்கொண்டு அவருடைய இடது பக்கம் போவேன். அவர் மறுபடி மாறுவார். நானும் மாறுவேன். நம் ஊர் கல்யாண ஊர்வலத்தில் சிலம்பம் ஆடுகிறவர்கள் மாதிரி கொஞ்ச தூரம் இப்படியே போனோம். இது கிராவல் ஓட்டுகிறவர்களின் ஏதோ இந்திய மரபு என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அப்புறம் அவரே மரியாதையாக என் வலது பக்கத்திலேயே ஓட்டி வந்தார்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் சின்ன நோட்டை எடுப்பார்.

"இடது கால்?"

"பத்து."

"வலது?"

"பத்து."

"குதிகால் உரசவில்லையா?"

"இல்லை. அற்புதம்."

அவர் எழுதிக்கொள்வார். முகத்தில் மகிழ்ச்சி எதுவும் தெரியாது. எனக்கோ இடது கட்டை விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கண்ணில் நீர் முட்டியது, கடல் காற்று என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

உப்பளத்தில் பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். சரியாக என் இடது பக்கத்தில் நின்றிருந்தார்.

"இன்னாபா, காலு ஒரு தினுசா திரும்பிக்கினு கீது? சுளுக்கா?"

"ஒண்ணுமில்லமா" என்றேன் அவசரமாக.

"ஒண்ணுமில்லையா? செருப்ப மாத்திப் போட்டுக்கினு கீற மாரி கீதே!"

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் இங்க்ரிட்.

"ஷூ அழகாக இருக்கிறதாம். எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்."

இங்க்ரிட் முதல் தடவையாகச் சிரித்து, அந்த அம்மாளுக்குக் கையசைத்தார். அவர் தலையில் அடித்துக்கொண்டார். அதையும் இங்க்ரிட் நம் ஊர் வணக்கமாக எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

எல்லாம் பாய் போட்ட திட்டப்படிதான் போய்க்கொண்டிருந்தது. பாய் ஒன்றை மறந்துவிட்டார். கடலோரப் பாதை எப்போதும் பாதையாகவே இருக்காது. மணல் மூடிய கழிமுகம் ஒன்று வந்தது. அதில் ஓட்ட முடியாது, டயர் புதைந்தது. "தள்ளிக்கொண்டு போகலாம்" என்று இங்க்ரிட் இறங்கினார். அலை வந்து போன ஈர மணல், இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி ஒரு மடிப்பு இல்லாமல் நீண்டு கிடந்தது. நான் அவர் பின்னால், அவர் திரும்பினால் சைக்கிள் மறைக்கும்படி, பார்த்துப் பார்த்து நடந்தேன். நானூறு அடி தூரம் நடந்திருப்போம். அக்கரையில் எங்கள் கார் தெரிந்தது. பக்கத்தில் அமீன் பாய் இடுப்பில் கை வைத்து நின்றார். முடிந்தது, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

இங்க்ரிட் போனை எடுத்தார். வந்த வழியைப் படம் பிடிக்கத் திரும்பினார். கடல், தோப்பு, மணல். ஒரு படம் எடுத்தார். போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். பிறகு என்னைத் தாண்டிப் பின்னால் நடந்துபோய் மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நானும் அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன்.

அவருடைய தடம் ஒழுங்காக வலது, இடது, வலது, இடது என்று வந்தது. பக்கத்தில் என் தடம் வலது, வலது, வலது, வலது. தோப்பு வரைக்கும், பிசிறில்லாமல், அச்சடித்த மாதிரி.

"சம்பத்," என்றார் நிமிராமலே, "உங்களுக்கு இடது கால் உண்டா?"

"உண்டு மேடம். ஷூதான் இல்லை."

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஒற்றைக் கால் சாம்பிள், வெள்ளைத் தாள், ஜோடி பார்க்காத ஜிப், ஆம்பூரில் இருக்கும் இடது கால். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. நோட்டை எடுத்துப் பிரித்து என் முன்னால் நீட்டினார். இடது கால்: பத்து, பத்து, பத்து, பத்து.

"உங்கள் முதல் இரண்டு சாம்பிளையும் நான் ஏன் திருப்பி அனுப்பினேன் தெரியுமா? ஷூவுக்காக இல்லை. ஷூ நன்றாகத்தான் இருந்தது, கொஞ்சம் திருத்தினால் போதும். இந்தப் பத்துக்காகத்தான் அனுப்பினேன். யாருடைய முதல் சாம்பிளுக்கும் பத்துக்குப் பத்து வராது. உண்மையைச் சொல்லாத இடத்தில் நான் எப்படி ஆயிரக்கணக்கில் செய்யக் கொடுப்பது?"

அன்றைக்கு வரை, ஆர்டர் வராமல் போனதற்குக் காரணம் சந்தை என்றும், பாயின் பேட்டர்ன் என்றும், அந்த வெளிநாட்டுக்காரர்களின் திமிர் என்றும் நினைத்திருந்தேன். கஸ்தூரி அக்கா காலையில் ரோடு வரை வந்து வராத பஸ்ஸைப் பார்த்துவிட்டு இன்னும் திரும்பிக்கொண்டிருப்பதற்குக் காரணம் என்னுடைய சோம்பேறிக் கையெழுத்துதான். எனக்கு வெட்கமாக இருந்தது. விழுந்ததிலோ பொய் மாட்டிக்கொண்டதிலோ வந்த வெட்கம் இல்லை இது.

"வலது ஷூ உங்கள் வலது காலில்தானே இருக்கிறது? அதற்கு உண்மையில் எத்தனை?"

கார்ப் பக்கத்திலிருந்து அமீன் பாய் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து சேர்ந்திருந்தார். பத்து என்று சொல் என்று கண்ணாலேயே கெஞ்சினார். நான் மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"ஆறு மேடம். மேட்டில் ஏறி மிதிக்கும்போது குதி தூக்குகிறது. சுண்டு விரலுக்கு மேல் ஒரு தையல் அழுத்துகிறது. லேஸுக்கு அடியில் உள்ள நாக்கு ஒரு பக்கமாகச் சரிகிறது."

"ஆறா?" என்று அலறினார் பாய், தமிழில். "என் பேட்டர்னுக்கு ஆறா? டேய், அஞ்சு வருஷமா பத்து போட்ட கைடா அது!"

"ஆறுதான் பாய். முதல் நாள்லருந்தே ஆறுதான்."

பாய் என்னை எரித்துவிடுவது போல் பார்த்தார். பிறகு, "கழட்டு" என்றார். நான் ஈர மணலில் உட்கார்ந்து கழற்றினேன். சட்டைப் பையிலிருந்து தோலில் குறி போடும் வெள்ளிப் பேனாவை எடுத்து, "எங்க அழுத்துது? காட்டு" என்றார். காட்டினேன். ஒரு கோடு போட்டார். இங்க்ரிட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் விரலால் வேறொரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். பாய் அங்கேயும் கோடு போட்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. அரைமணி நேரம் ஒரு ஷூவின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். நான் என் இடது காலைக் கடல் தண்ணீரில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அலை வந்து வந்து போயிற்று. விரல்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் சொந்த இடத்துக்குத் திரும்பின. அவ்வளவு சுகமான காலை நேரத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

கிளம்பும்போது, இன்னும் ஒரு சாம்பிள் அனுப்புங்கள் என்றார் இங்க்ரிட். ஜோடியாக.

ஊர் திரும்பியதும் இரண்டாவது லைனுக்குப் போய்க் கஸ்தூரி அக்காவிடம் நடந்ததை நானே சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். ஆர்டர் வரும் என்று மட்டும் நான் சொல்லவில்லை. தெரியாது என்றேன். நான்காவது சாம்பிளைப் போட்டுக்கொண்டு வாட்ச்மேனின் சைக்கிளில் நிஜமாகவே விரிஞ்சிபுரம் வரை பாலாற்றங்கரையில் ஓட்டிப் பார்த்தேன். இடது கால் எட்டு, வலது கால் எட்டரை என்று எழுதினேன். ஏன் என்று ஆங்கிலத்தில் பதினோரு வரி எழுதினேன், தப்பும் தவறுமாக. மூன்றாம் வாரம் பதில் வந்தது. ஒப்புதல். கீழே இங்க்ரிட் கையால் ஒரு வரி எழுதியிருந்தார்: 'இரண்டு கால்களுக்கும்.' இரண்டாவது லைன் ஆறு நாளும் ஓட ஆரம்பித்தது, கம்பெனி பஸ்ஸும் ஆறு நாளும் வந்தது.

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம். இரண்டாவது லைன் மொத்தமும் வேன் பிடித்துக் குடியாத்தத்துக்கு வந்திருந்தது. தாலி கட்டி முடித்து, பெண்ணும் நானும் எங்கள் வீட்டு வாசலில் நின்றோம். ஆரத்தி சுற்றி முடித்த அம்மா, "ரெண்டு பேரும் வலது கால எடுத்து வெச்சு உள்ள வாங்க" என்றார்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கஸ்தூரி அக்காவின் குரல் கேட்டது.

"பொண்ணுக்கு மட்டும் சொல்லுங்கம்மா. மாப்பிள எதை வெச்சாலும் வலதுதான்!"

முப்பது பெண்கள் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அமீன் பாய் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். என் மனைவி, கல்யாணமாகி அரைமணி நேரம்கூட ஆகாதவள், குனிந்து என் காலைப் பார்த்தாள். விஷயத்தை அவளுக்குச் சொல்லி முடிப்பதற்குள் வாசலிலேயே ஆரத்தித் தண்ணீர் காய்ந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் யார் புது வீடு கட்டினாலும், யார் கடை திறந்தாலும், முதல் ஆளாக என்னைத்தான் உள்ளே தள்ளுகிறார்கள். எந்தக் காலை வைத்தாலும் தப்பாகாதாம்.